பிலோமின்ராஜின் மூச்சை விட்டது யார்

1974ஆம் வருடத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாலக்கரைப் பிலோமின்ராஜ் கோவிலில் மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டான். அப்புறம் ஒன்பது வருடம் விடவேயில்லை. ரேஷனில் சர்க்கரை வராத வாரம் அது. ஊருக்கு அந்தக் கவலையே பெரிதாக இருந்ததால் இதை யாரும் உடனே கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். மன்றாட்டு மாலையில் முன்னால் நிற்பவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். சபை முழுவதும் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். சபை பதில் சொல்லுகிற அந்த நேரத்தில்தான் முன்னால் நிற்பவர் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமாக முன்னால் நின்று சொல்லுகிற உபதேசியாருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், குரல் கணீரென்று இருக்கிறதே என்று பிலோமின்ராஜைப் பிடித்து நிறுத்தினார்கள். அவன் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். சுற்றுகிற சக்கரத்தின் தாளத்துக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கிச் சொல்லிச் சொல்லி, அவன் நாக்குக்கு நிற்கத் தெரியாமல் போயிருந்தது. ஐந்தாறு பட்டம் வரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னான். பிறகு சபை பதிலை முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கினான், அப்புறம் சபை வாயைத் திறப்பதற்குள்ளேயே தொடங்கினான். ஆண்கள் பக்கம் முதலில் கைவிட்டது. பிறகு கன்னியாஸ்திரீகள், பிறகு பாடகர் குழு. பெண்கள் பக்கத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் அவனோடு சேர்ந்து ஓடி ஓடிக் கடைசிவரைக்கும் பதில் சொன்னது. எல்லாம் முடிந்தபின் பங்குச் சாமியார் அவனைக் கூப்பிட்டு, "செபமாய்யா சொன்னே? எக்ஸ்பிரஸ் ரயிலுல்ல விட்டே!" என்று சத்தம் போட்டார்.

அவன் பெண்டாட்டி பேட்ரிசியா அன்றைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. உடம்பெல்லாம் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தாள். தென்னூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர் அவள். வகுப்புக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பையன் பேசினான் என்று சொல்லிவிடுகிற ஆள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். புருஷன் காபியை ஊதிக் குடிக்கவில்லை. உதட்டைக் குவித்தான், காற்று வரவில்லை. மூக்குக்கு நேரே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆனால் வாய் மட்டும் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் டாக்டர் சடகோபன் கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு, கையோடு பஸ் ஏற்றி அழைத்துப் போனாள். டாக்டர் முன்னாலும் பின்னாலும் குழாயை வைத்துப் பார்த்தார்.

"நாடி பேஷா இருக்கு. ஹ்ருதயம் பேஷா இருக்கு. ஸ்வாசம் மட்டும்தான் காணோம்" என்றார், பேனா மூடியைக் காணோம் என்கிற மாதிரி. "ஸ்வாசமில்லாம தேகம் நிக்காதும்மா. இவருக்குண்டானதை வேற யாரோ ஒருத்தர் விட்டுண்டிருக்கணும். அது யாருன்னு அந்த ரங்கநாதனுக்குத்தான் வெளிச்சம்."

பிலோமின்ராஜ் பீஸைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை பேட்ரிசியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. யாரோ ஒருத்தரா? தூணுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னது பெண்குரல் என்றுதானே கோவிலே சொல்லுகிறது! தாலி கட்டினவனின் மூச்சு எவளோ ஒருத்தியின் நெஞ்சுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன கேவலம் வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பெண்களை வாசலில் நிறுத்தி ஒவ்வொருத்தியாக விசாரித்தாள். எல்லாரும் முக்காடு போட்டிருந்தோம், யார் முகம் தெரிந்தது என்றார்கள். ரோசம்மாள் படியேறும்போது இரைக்கிறாளே என்று ஒரு மாதம் அவள் பின்னாலேயே அலைந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, ரோசம்மாள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான் இரைப்பாளாம்.

இதற்கிடையில் பிலோமின்ராஜுக்கு யோகம் அடித்தது. ஒலிபெருக்கியும் மெல்லிசைக் குழுவும் வைத்திருந்த அடைக்கலராஜ் அவனை முதலில் விளம்பர வண்டியில் ஏற்றினார். தீபாவளி ஜவுளிக்காகப் பாலக்கரையில் வாயைத் திறந்தவன் மன்னார்புரம் போய் வண்டி திரும்புகிறவரை ஒரு இடத்தில் நிறுத்தவில்லை. அப்புறம் மேடை. மருதை என்பவர் டிரம்மில் தாளத்தை மட்டும் தட்டுவார். ராகம் கிடையாது, சரணம் கிடையாது, அந்தத் தாளத்தின் மேல் பிலோமின்ராஜ் பேசுவான். "குழாயில வருது காத்து, குடத்துல கிடக்குது நேத்து, ஆபீசரு போனாரு பாத்து, அடுத்த மாசம்னாரு சேத்து" என்று தொடங்கினால் ரேஷன் கடை, பஸ் கூட்டம், மண்ணெண்ணெய் கியூ என்று ஊரையே நாக்கில் கோத்து இழுத்துக்கொண்டு போவான். நடுவில் மூச்சுக்கென்று ஒரு இடம் கிடையாது. கேட்கிறவர்கள்தான் முடிந்ததும் மொத்தமாக மூச்சு விட்டுக் கை தட்டுவார்கள். பேச்சுப்பாட்டு என்று அதற்கு ஜனங்களே பேர் வைத்தார்கள். பொன்மலை ரயில்வே திடலிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர், மணப்பாறை வரைக்கும் "மூச்சுவிடாப் பிலோமின்" என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பல்லுக்குள் டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிறான் என்றார்கள். மேடைக்கு அடியில் இன்னொருத்தன் உட்கார்ந்து பேசுகிறான் என்றார்கள். எமர்ஜென்சி சமயத்தில், ஆபீசரைப் பற்றி என்னவெல்லாம் பேசுகிறான் என்று எழுதிக்கொள்ள மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பாவம், அவரால் கூடவே எழுத முடியவில்லை. கடைசியில் பென்சிலால் நோட்டின்மேல் தாளம் போட்டுவிட்டுப் போனார். போட்டிக் குழுக்காரர்கள் ஒரு பல் டாக்டரையே ரசிகர் வேஷத்தில் அனுப்பி அவன் வாய்க்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பல் சொத்தை என்று மட்டும் தெரியவந்தது.

பேட்ரிசியாவின் சந்தேகம் இதையெல்லாம்விடக் கூர்மையானது. குழுவில் பாடுகிற கமருன்னிசாவின் மேல்தான் அவளுக்கு முதல் கண். கச்சேரி வேனில் வேண்டுமென்றே அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் மாராப்பு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள். ஒருநாள் கமருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? எனக்கு எடுத்துப் பாடவே மூச்சு பத்தல. இதுல உங்க வீட்டுக்காரருக்கு வேற எங்கேருந்து குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். வேனே சிரித்தது. பேட்ரிசியா மட்டும் சிரிக்கவில்லை. அவ்வளவு சுருக்காகப் பதில் வருகிறதென்றால் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டாள்.

1977 நவம்பரில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது, அடைக்கலராஜின் வண்டியில் நின்று தென்னூரிலும் பாலக்கரையிலும் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பிலோமின்ராஜ் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் குரலைக் கேட்டுப் பிழைத்தவர்கள் பல பேர். அதற்கப்புறம் ஜில்லாவில் அவன் பேர் தெரியாதவர் இல்லை. அதே நாளில் மன்னார்புரத்தில் பேட்ரிசியாவின் அம்மா வியாகுலம்மாளுக்கு இழுப்பு கண்டு, அக்கம்பக்கத்தார் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். ஈரக்காற்றுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். பேட்ரிசியாவும் அதைத்தான் நம்பினாள். மறுவருடம் தஞ்சாவூர்க் கச்சேரி அன்றைக்கும் அம்மாவுக்கு இழுத்தது, அது பனி என்றாள். புதுக்கோட்டையன்றைக்கு இழுத்ததற்குப் புளிச்ச தயிர்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வியாகுலம்மாள் மருமகன் எதிரில் நிற்காத மாமியார். அவன் வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டாலே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டதில்லை. "மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுடி" என்று அங்கிருந்து வரும். "போதும்னு சொல்லு" என்று இங்கிருந்து போகும். பேட்ரிசியாதான் நடுவில் தபால்காரி. ஊரிலுள்ள பெண்களையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு இந்த ஒருத்தியைச் சந்தேகப்படத் தோன்றுமா?

ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்த சமயம், அதன் பக்கத்தில் பந்தல் போட்டுப் பெரிய கச்சேரி நடந்தது. சாரத்தின் மேலிருந்த கொத்தனார்கள் கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள். பேட்ரிசியா கேட்கவில்லை. பந்தலுக்கு வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த பாப்பாயிக்கு மேல்மூச்சு வாங்குகிறதைப் பார்த்துவிட்டு, நேரே போய், "எங்க வீட்டுக்காரரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பாப்பாயி பூவை மடியில் போட்டுவிட்டு எழுந்து கொடுத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

1982இல் அடைக்கலராஜ் கேசட் போட ஆசைப்பட்டு அவனை மெட்ராசுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் வினை வந்தது. பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால், பிலோமின்ராஜின் குரலுக்கு அடியில் ஒரு பெண் இரைத்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார், மேஜைக்கு அடியில் பார்த்தார், கக்கூஸைக் கூடத் திறந்து பார்த்தார். மறுபடி பதிவு செய்தார்கள். மறுபடியும் அதே இரைப்பு. ஊருக்குத் திரும்பியதும் அடைக்கலராஜ் நேரே பேட்ரிசியாவிடம் வந்து அந்தக் கேசட்டை வைத்தார். "சிஸ்டர், நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே கேட்டுக்கங்க" என்றார். அவருக்கும் சந்தேகம்தான், ஆனால் மூச்சைப் பற்றி இல்லை, பிலோமின்ராஜின் நடத்தையைப் பற்றி.

பேட்ரிசியா கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். எட்டு வருடமாகத் தான் தேடிக்கொண்டிருந்த அந்த எவளோ ஒருத்தி கடைசியில் மாட்டினாள் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். இரைப்பு வந்தது. அது வேகமாக ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு இருமல். இருமல் முடிந்ததும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்வதுபோல, "சேசு மரி சூசையே" என்றது அந்தக் குரல். பேட்ரிசியா கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி இன்னொரு தரம் கேட்டாள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

பஸ் பிடித்து மன்னார்புரம் போனபோது வியாகுலம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுக்கு இரண்டு மூச்சு. பார்த்தாலே தெரிந்தது, இத்தனை நாள் பார்க்கத்தான் இல்லை. மகள் கேட்டதும் அவள் மறைக்கவில்லை.

"உனக்கு அம்மை போட்டிருந்துச்சேன்னு வேண்டிக்கிடத்தான் அன்னிக்குப் பாலக்கரை கோவிலுக்கு வந்தேன். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எல்லாரும் விட்டுட்டாங்க. சபையில ஒரு மனுசன் தனியா நின்னா நல்லாவா இருக்கும்? நம்ம வீட்டு மாப்பிள்ளையில்லையா? அதான் நான் விடாம பதில் சொன்னேன். அதுலேருந்து இப்படித்தான்."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிடி சொல்லுவேன்? மாப்பிள்ளை மூச்சை மாமியாக்காரி விடுறான்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? அதுவுமில்லாம, நான் நிறுத்திட்டா உன் தாலிக்கு யாரு பதில் சொல்றது?"

பேட்ரிசியா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஐயோ, எத்தனை பேரை என்னவெல்லாம் கேட்டிருக்கிறாள்! டாக்டர் சடகோபனிடம் அம்மாவை அழைத்துப் போனபோது அவர் குழாயை இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேர் ஜோலியை ஒரே மார்பு பண்ணிண்டிருக்கு. அவர் சும்மா இருந்தாக்க எப்படியோ இழுத்துண்டு ஓடும். இன்னொரு பெரிய கச்சேரி தாங்காதும்மா" என்றார்.

பெரிய கச்சேரி அடுத்த பொங்கலுக்கு இருந்தது. சினிமாக்காரர்கள் மெட்ராசிலிருந்து அதற்கென்றே வருகிறார்கள், பிடித்துப்போனால் படத்தில் பேச்சுப்பாட்டு வைப்பார்கள் என்று அடைக்கலராஜ் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பேட்ரிசியா விஷயத்தைச் சொன்னதும் பிலோமின்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கோபம் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதவங்க எனக்காக மூச்சு விடுறாங்களாக்கும்! உங்கம்மாவுக்கு என்னைப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? போட்டிக் குழுக்காரன் எவனோ உங்களைத் தூண்டி விட்டுருக்கான்."

பேட்ரிசியா சண்டை போடவில்லை. "மேடை ஏறுங்க, நான் தடுக்கல. ஆனா ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மன்னார்புரத்துக்கு வந்து ரெண்டு வரி சொல்லிக் காட்டிட்டுப் போங்க" என்று மட்டும் கேட்டாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் போனார்கள். வியாகுலம்மாள் வழக்கம்போல அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பிலோமின்ராஜ் கூடத்தில் நின்றபடியே, மறுநாளைக்கு என்று வைத்திருந்ததை எடுத்துவிட்டான். நாக்கு ஓட ஓட, கதவுக்குப் பின்னால் இரைப்பும் கூடவே ஓடியது. இவன் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது. வளைத்துத் திருப்பினால் அதுவும் திரும்பியது. எத்தனையோ ஊரில் எத்தனையோ கைதட்டல் கேட்டவன், தன் மூச்சை அன்றைக்குத்தான் முதல்தரம் கேட்டான். ஏதோ பாத்திரம் உருண்டது. ஒரு இருமல். "சேசு மரி சூசையே."

அவன் நிறுத்தினான். முகம் சுண்டிப்போய் அந்தக் கதவுப் பக்கம் திரும்பினான். அப்புறம் கைகட்டிக்கொண்டு, கோவிலில் நிற்பதுபோல நின்று, மன்றாட்டு மாலையின் முதல் பட்டத்தை நிதானமாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகப் பதில் வந்தது. எங்களுக்காக, என்றது. ஒரு இளைப்பாறல். வேண்டிக்கொள்ளும், என்றது. அந்தக் காத்திருப்பில் அவன் நெஞ்சு விரிந்து காற்று உள்ளே போயிற்று. ஒன்பது வருடமாகக் காற்றே படாத நெஞ்சு. பிறந்த பிள்ளைபோல அலறிக்கொண்டு தரையில் விழுந்தான். கதவுக்குப் பின்னால் இரைப்பு பாதியாகக் குறைந்திருந்தது. யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் பேட்ரிசியா நடுவில் நின்றாள்.

மறுநாள் மேடையில் அவன் வரிக்கு வரி நின்று மூச்சு வாங்கினான். மருதையின் தாளம் முன்னால் போய்க் காத்திருந்தது, இவன் பின்னால் வந்து சேர்ந்தான். முதலில் ஜனங்கள் இது ஏதோ புது வித்தை என்று நினைத்தார்கள், அப்புறம் விசில் அடித்தார்கள். சினிமாக்காரர்கள் இரண்டாவது பாட்டு தொடங்குவதற்குள் லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். அடைக்கலராஜ் கெட்டவர் இல்லை, நயமாகத்தான் சொன்னார்: "அண்ணே, மூச்சு விடுறதுன்னா ஊர்ல எல்லாரும்தான் விடுறாங்க. அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" கச்சேரிகள் வருஷா வருஷம் பாதி பாதியாகக் குறைந்தன, அப்புறம் கோவில் திருவிழாவில் இடைவேளைக்கு மட்டும் என்று ஆயிற்று. குழுவில் கலர் விளக்கும் டிஸ்கோ ஆட்டமும் வந்தபிறகு அதுவும் நின்றது. ஆரம்பத்திலிருந்தே அவன் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான், நமக்குத்தான் தெரியவில்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மொட்டைக் கோபுரம் முழுக் கோபுரமாகிக் கும்பாபிஷேகம் நடந்த வருடம், பிலோமின்ராஜ் பஸ் ஸ்டாண்டில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பஸ் போகும் ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். விராலிமலை என்று ஒரு மூச்சு, துவரங்குறிச்சி என்று ஒரு மூச்சு. இவர் மேலூர் என்று சொல்வதற்குள் பஸ் மேலூர் போய்விடுகிறது என்று பிரயாணிகள் எரிச்சல்பட்டார்கள். அவன் அவசரப்படவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது மட்டும் சில நாள் விரல்கள் தட்டில் தாளம் போடும். பேட்ரிசியா பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள்.

ஒன்பது வருடம் இரண்டு பேருக்கு உழைத்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? 1988 ஆடியில் வியாகுலம்மாள் படுக்கையில் விழுந்தாள். டாக்டர் சடகோபன் பேரனின் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டு, "இனி பகவான் நாமம்தான், சொல்றவாளைக் கூப்பிடுங்கோ" என்றார். உபதேசியார் வெளியூர் போயிருந்தார். பேட்ரிசியா கூடத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். மாமியார் படுத்திருந்த உள்ளறைக்குள் பிலோமின்ராஜ் அதுவரை கால் வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தான். கட்டில் ஓரமாக நின்று முதல் பட்டத்தைச் சொன்னான். சூழ்ந்து நின்ற பெண்களுக்கு அழுகையில் பதில் வரவில்லை. வியாகுலம்மாளின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவள் சொல்லவேண்டிய பதிலையும் தானே சொன்னான். அடுத்த பட்டம், அதற்கும் பதில். நிற்கவில்லை. பழைய நாக்கு விழித்துக்கொண்டது. பட்டமும் பதிலுமாகச் சேர்ந்து ஓட, அவன் நெஞ்சு இரண்டு மடங்காக ஏறி இறங்கியது, வேர்வை சொட்டியது. அந்த அறையில் நின்றவர்கள் சத்தியம் செய்வார்கள், அவன் மேடையில்கூட அப்படிச் சொன்னதில்லை. முடித்தபோது வியாகுலம்மாளின் நெஞ்சு அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அது எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது.

டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். "ஸ்வாசம் நின்னுடுத்தும்மா" என்றார் பேட்ரிசியாவிடம்.

"தெரியுது டாக்டர். அதை இனிமே அவரு பாத்துக்குவாரு" என்றாள் பேட்ரிசியா. வியாகுலம்மாள் எழுந்து உட்கார்ந்து, மருமகன் நிற்பதைக் கண்டு அவசரமாகத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். டாக்டர் பையை மூடிக்கொண்டு, சளி மருந்தை மட்டும் நிறுத்திவிடலாம் என்று சொல்லிப் போனார்.

அதன்பின் அவளைப் பாலக்கரைக்கே கூட்டி வந்துவிட்டார்கள். காலையில் கோவிலுக்குப் போகிறாள், மீன்காரியிடம் பேரம் பேசுகிறாள், மூச்சு விடுவதில்லை. பிலோமின்ராஜ்தான் மாடிப்படி ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்கிறான். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவன், பஸ் ஸ்டாண்டில் டிரைவர் யாரோ கொடுத்த பீடியை வாசலில் உட்கார்ந்து பற்றவைத்து ஆழமாக இழுத்தான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. பேட்ரிசியா தபால் வாங்கிக்கொள்ள எழுந்தாள். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

"மாப்பிள்ளை, அந்தப் பீடியைக் கீழ போடுங்க" என்று நேராகவே வந்தது குரல்.

"சரிங்கத்தே" என்று பிலோமின்ராஜ் பீடியை நசுக்கிப் போட்டுவிட்டு, அவளுக்கும் தனக்குமாக நிதானமாக மூச்சு வாங்கினான்.